செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்ப்பவளைக் கடைக்கு வருகிறவர்கள் பார்ப்பதில்லை. முன்னால் முதலாளி உட்கார்ந்திருப்பார். கண் சோதிக்கும் பெண் இருப்பாள். சுவர் முழுக்கச் சட்டங்கள் தொங்கும். வட்டமாக வரும் வில்லையைச் சட்டத்தின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்துகிறவள் மட்டும் திரைக்குப் பின்னால், சாணைச் சக்கரத்தின் முன் குனிந்திருப்பாள். சக்கரம் சூடாகாமல் இருக்க அதன்மேல் ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தேய்ந்த பொடி அதில் கலந்து பால் மாதிரி வடிந்து கீழேயிருக்கும் வாளியில் சேரும். சாயங்காலம் கடை மூடும்போது அவள் விரல்கள் ஊறிச் சுருங்கிப் போயிருக்கும்.

நாளெல்லாம் தண்ணீரில் கை வைத்திருக்கிறவள் விடுமுறை நாளிலும் தண்ணீரைத் தேடிக்கொண்டு போவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவளுமே எதிர்பார்க்கவில்லை. கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஒரு செவ்வாய்க்கிழமை மாடியில் துணி காயப்போடும் கொடி யாருக்கு என்று கணவனின் தம்பி மனைவியான ஓரகத்தியுடன் சண்டை. ஈரத்துணியை வாளியோடு அப்படியே விட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையின் கூடவே போனாள். எங்கேதான் போகிறது இது, பார்த்துவிடுவோம் என்று ஒரு வீம்பு. சாக்கடை ஒரு கால்வாயில் விழுந்தது. கால்வாய் செங்கல் சூளைகளைச் சுற்றிக்கொண்டு ஒரு குளத்துக்குப் போனது. குளத்தில் வாத்துகள் இருந்தன. அவள் கரையில் உட்கார்ந்து, பசி எடுக்கும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த வாரம் அந்தக் கால்வாய் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போனாள். அது ஓர் ஏரியின் மதகிலிருந்து வந்தது. அந்த ஏரிக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று அதற்கடுத்த வாரம்.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன வருடம் அது. அதன்பிறகு ஒரு செவ்வாயும் அவள் வீட்டில் இருந்ததில்லை. ஊரைச் சுற்றியிருக்கும் ஏரி, குட்டை, ஆறு, மழைக்கு மட்டும் ஓடும் ஓடை, கல் வெட்டிய பள்ளத்தில் தேங்கிய பச்சைத் தண்ணீர் எல்லாவற்றின் கரையிலும் அவள் சைக்கிள் ஒருமுறையாவது சாய்ந்திருந்தது.

தண்ணீர்க்கரை என்றால் பொது இடம் என்று நினைத்திருந்தாள். போகப் போகத்தான் தெரிந்தது, ஒவ்வொரு கரைக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். ஆலையின் காவலாளி, துணி வெளுப்பவர்கள், புட்டியோடு உட்கார்ந்திருப்பவர்கள், வீட்டுக்குத் தெரியாமல் வந்திருக்கும் ஜோடிகள், நாய்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: யாரைத் தேடி வந்தீங்க? யாரையும் இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்று சொன்னால் முகம் மாறிவிடும். சாக வந்தவள் என்றால்கூட அவர்களுக்குப் புரிந்திருக்கும். சும்மா பார்க்க வந்த நடுவயதுக்காரியை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியாமல் விரட்டினார்கள். சாந்தமாகப் பதில் சொல்லியிருந்தால் பாதிப்பேர் விட்டிருப்பார்கள். அவளுக்கு அது வராது. அவளுக்குக் கை தங்கம், வாய் அரம் என்று முதலாளியே சொல்வார். ஆலைக் காவலாளியிடம், நீங்கள் காவல் காப்பது ஆலையையா ஆற்றையா, ஆறு ஒன்றும் உள்ளே வந்து திருடாது என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

வீட்டில் கீழே அவளும் கணவனும். மேலே கணவனின் தம்பி குடும்பம். வெளிப்பக்கமாகப் படி. கணவனுக்குச் செய்தித்தாள் அச்சகத்தில் இராத்திரி வேலை. ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் மைவாசத்தோடு வந்து படுப்பான், மதியம் தாண்டி எழுவான். கொழுந்தன் லாரி ஓட்டுகிறவன், வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போவான். ஓரகத்தி மருத்துவமனை ஒன்றில் ரத்தம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தபிறகுதான் செவ்வாய்க்கிழமைக்கு ஆபத்து வந்தது. அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். விடியும்போதே வேலைக்குப் போய்விட வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வந்தாள். அந்த அம்மாள் செவ்வாய்க்கிழமை மட்டும் வரமாட்டாள். அவளுக்கும் ஒரு நாள் வேண்டுமல்லவா?

ஆரம்பத்தில் ஓரகத்தி வேலை முறையை மாற்றிக் கேட்டு எப்படியோ சமாளித்தாள். சில மாதங்களில் மேலதிகாரி, செவ்வாய்க்கிழமை வர முடியாது என்றால் மற்ற நாளும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது வெறும் மிரட்டல் இல்லை. அவளுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த பெண்ணை அப்படித்தான் அனுப்பியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கீழே இறங்கி வந்தாள். கணவனின் அண்ணன் வேலைக்குக் கிளம்புவதற்கு முன், அவன் எதிரில் கேட்டால்தான் எடுபடும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

"அக்கா, வாரம் பூராவும் கேக்கல. செவ்வாய்க்கிழமை மட்டும்தான் கேக்கறேன். நீங்க சும்மா தண்ணிய வேடிக்கை பாக்கத்தானே போறீங்க?"

"ஆமா, சும்மாதான் போறேன். சும்மா இருக்க எனக்கு வாரத்துல அந்த ஒரு நாள்தான் இருக்கு."

"பெரியம்மான்னு பேரு மட்டும் வேணும்."

"அந்தப் பேரையும் நான் கேட்டு வாங்கலயே."

கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். தம்பி மனைவிக்கு முகம் கொடுக்கவும் வேண்டும், தன் மனைவியோடு ராத்திரி வேலைக்குப் போகிற நேரத்தில் வாயைக் கொடுக்கவும் முடியாது. யோசித்து ஒரு தீர்ப்பு சொன்னான். இப்போதைக்கு அவள் போகட்டும். ஆனால் மழைக்காலம். என்றைக்காவது வழுக்கி விழுந்தாள், நாய் கடித்தது, எவனாவது கையைப் பிடித்தான் என்று ஏதாவது ஒன்று வீட்டு வாசலுக்கு வந்தால் அன்றோடு முடிந்தது. அதன்பிறகு செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் அவள் பொறுப்பு. அவள் சரி என்றாள். விழுந்தால்தானே என்ற தைரியம்.

அன்றிலிருந்து ஓரகத்தி அவள் விழுவதற்காகக் காத்திருந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் யார் யார் காலிலோ விழுந்து வேலைக்கு ஆள் மாற்றிக்கொண்டாள். சாயங்காலம் இவள் சைக்கிளை உள்ளே ஏற்றும்போது படியின் பாதியில் நின்று செருப்பில் எவ்வளவு சேறு, கையில் ஏதாவது சிராய்ப்பு என்று பார்ப்பாள். நரம்பு தேடுகிற பார்வை.

அந்த நாட்களில்தான் இவளுக்கு அந்தக் கண்ணாடி கிடைத்தது. கண்கூச்சத்தைத் தடுக்கும் பழுப்பு நிற வில்லை, கடையில் போலரைஸ்டு என்பார்கள். யாரோ பெரிய முகக்காரருக்காக வந்தது. பொருத்தும்போது விளிம்பில் சில்லு தெறித்துவிட்டது. சில்லு தெறித்த வில்லை குப்பைக்குத்தான் போகும். பவர் கிட்டத்தட்ட அவளுடையது. முதலாளியிடம் கேட்டு வாங்கி, சில்லு போகும்வரை தேய்த்துச் சின்னதாக்கி, தன் பழைய சட்டத்தில் மாட்டிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய் அதைப் போட்டுக்கொண்டு குளத்தைப் பார்த்தவள் கொஞ்ச நேரம் அசையவில்லை. தண்ணீரின் மேல் எப்போதும் பளபளத்துக்கொண்டிருந்த வானம் இல்லை. வெயில் இல்லை. யாரோ மூடியை எடுத்துவிட்டது மாதிரி அடிவரைக்கும் தெரிந்தது. பாசி ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. நத்தை போன கோடு தெரிந்தது. ஒரு மீன் தன் நிழலுக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றினால் எல்லாம் போய் வெறும் வெளிச்சம். போட்டால் திரும்ப அந்த உள்வீடு. இத்தனை நாள் கதவை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம் என்று தோன்றியது. பார்த்த குளங்களையெல்லாம் முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதற்குச் செவ்வாய்க்கிழமை வேண்டும். முன்பு அது அவளுக்கு ஒரு பிடிவாதமாக இருந்தது. இப்போது தேவையாகிவிட்டது.

கல்குவாரிக்கு அப்பால் இருந்த ஏரிக்கு அவள் அப்படித்தான் இரண்டாம் முறை போனாள். ஊரிலேயே தெளிந்த தண்ணீர் அதுதான். அடியில் வெள்ளைக் களிமண். மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு அங்கேயே குடியிருப்பது போலிருந்தார். கனத்த உடம்பு, தொண்டை கட்டிய குரல். கண்ணாடிக்காரி தண்ணீரை உற்று உற்றுப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு குத்தகைக்காரன் அனுப்பிய ஆள், எவ்வளவு மீன் இருக்கிறது என்று வேவு பார்க்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். முதல் நாள் எச்சரித்தார். அடுத்த வாரம் அவள் கரையைச் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் சைக்கிளின் இரண்டு சக்கரத்திலும் காற்றில்லை. கொட்டகையிலிருந்து அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொட்டகைக்குப் போய், காற்றடிக்கும் பம்பு இருந்தால் கொடுங்கள், இறக்கிவிடத் தெரிந்தவரிடம் அது இல்லாமலா இருக்கும் என்று கேட்டாள். அவர் கொடுக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வரும்முன் கடைத்தெருவில் காற்றடித்துக்கொண்டு, ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். படியில் நின்ற ஓரகத்திக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகும் ஏன் போனாள் என்றால், போகாதே என்றதால்தான். இதை அவளே ஒத்துக்கொள்வாள்.

அன்று கரை ஓரமாகப் பாதிச் சுற்று வந்திருந்தாள். வாய்க்கால் ஒன்று ஏரிக்குள் வந்து விழும் இடம். அதைத் தாண்ட ஒரு மரப்பாலம் இருந்தது. பாலத்தின் இந்த முனையில் குத்தகைக்காரர் வந்து நின்றுகொண்டார். பின்னால் சாலைக்குப் போகும் வழியைக் கையால் காட்டினார்.

"ஏம்மா, உனக்கு எத்தனை தடவ சொல்றது? வந்த வழியே போ."

"வந்த வழிய நான் பாத்தாச்சு. இனி அந்தப் பக்கம் பாக்கணும்."

"பாலம் என்னுது. நான் போட்டது."

"தண்ணி உங்களுது இல்லையே. நான் தண்ணியிலயே போய்க்கறேன்."

கண்ணாடி வழியாக வாய்க்காலின் வாய் அடிவரை தெரிந்தது. வெள்ளை மண், அதில் கொட்டைப் பாக்கு அளவு கூழாங்கற்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் என்று கண் சொன்னது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் எதிரிலேயே இறங்கினாள்.

வில்லைக்குள் வெளிச்சம் எப்படி வளைகிறது, தடிமன் கூடினால் பொருள் எவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கும் என்பதெல்லாம் அவள் தினசரி கையாளும் சங்கதி. இங்கே முன்னால் கிடந்த தண்ணீரும் ஒரு தடித்த வில்லைதான் என்பது மட்டும் அந்த நேரத்தில் அவள் புத்தியில் ஏறவில்லை. வெறும் கண்ணோடு வந்திருந்தால் அடி தெரியாமல் பயந்து நின்றிருப்பாள். அவள் செய்த கண்ணாடிதான் அவளைக் கூப்பிட்டது. இரண்டாவது அடியில் இடுப்பு. மூன்றாவதில் மண் என்று நினைத்தது கூழ். கூழாங்கற்கள் அதன்மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தன. கால் உள்ளே போனது, இழுக்க இழுக்க இன்னும் போனது, தண்ணீர் கழுத்துக்கு வந்தது. நீச்சல் அவளுக்குத் தெரியாது. இத்தனை ஏரி பார்த்தவளுக்குத் தெரியாது.

அவள் கத்தவில்லை. கத்தினால் வாய்க்குள் தண்ணீர் போகும் என்பதைவிட, அந்த ஆளைக் கூப்பிட வேண்டுமே என்ற தயக்கம். கூப்பிடாமலே அவர் வந்தார். பாலத்தின் கைப்பிடிக் கழியைப் பிடுங்கி அவள் பக்கம் நீட்டி, பிடி, பிடி, சனியனே பிடி என்றார். பிடித்தாள். மீன் நிறைந்த வலையை இழுக்கிற மாதிரி, மூச்சைப் பிடித்து விட்டுவிட்டு இழுத்தார். கரையில் வந்து விழுந்தபோது அவளுக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் களிமண் காலுறை மாதிரி இருந்தது. கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. செருப்பு போய்விட்டது.

உயிர் மீண்டவளுக்குத் தண்ணீர் கொடுப்பது, முதுகைத் தட்டுவது எதுவும் நடக்கவில்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே திட்டினார். போன வருடம் ஒருவன் குடித்துவிட்டு வந்து இந்த ஏரியில் செத்தான். அவன் செத்தது ஒரு நாள், இவர் காவல் நிலையத்துக்கு நடந்தது எத்தனையோ நாள். படகைக் கொண்டுபோய்விட்டார்கள். பிணம் கிடந்த தண்ணீர் என்று சந்தையில் அந்த வருடம் முழுக்க அவர் மீனை யாரும் தொடவில்லை. இன்னொரு பிணம் விழுந்தால் குடும்பத்தோடு அதே ஏரியில் நானும் விழ வேண்டியதுதான் என்றார். காற்று இறங்கிய சைக்கிளுக்கு இப்போது அவளுக்குக் காரணம் புரிந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். அதற்குள் அவர், உன்னை உன் வீட்டு ஆம்பளை கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் மறுவேலை என்றார். அந்த நினைப்பு போய்விட்டது.

வேண்டாம் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். நடந்தே போய்க்கொள்கிறேன், காய்ந்தபிறகு போகிறேன் என்றாள். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள், பேச்சு எடுபடவில்லை. சைக்கிளைத் தூக்கி மீன் வண்டியில் ஐஸ் பெட்டிகளுக்கு மேல் போட்டார். அவளை முன்னால் உட்கார வைத்தார். வழி சொல்லாவிட்டால் காவல் நிலையத்துக்கு ஓட்டுவேன் என்றார். வழி சொன்னாள். அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு குறைவாகப் பேசிய பயணம் வேறில்லை. ஒவ்வொரு திருப்பமும் அவள் செவ்வாய்க்கிழமையை அவளே கொண்டுபோய்க் கொடுப்பது போலிருந்தது.

வண்டி தெருவுக்குள் வந்து நின்றபோது ஓரகத்தி மாடியில் இருந்தாள். அன்று வேலைக்கு ஆள் மாற்றிக்கொண்டு வீட்டோடு இருந்தவள். கணவன் அப்போதுதான் எழுந்து வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாயில் நுரையோடு அப்படியே நின்றான். பக்கத்து வீடுகளில் தலைகள் தெரிந்தன. குத்தகைக்காரர் சைக்கிளை இறக்கி வைத்தார். பிறகு அவளைக் காட்டி, தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தார். பொம்பளையை அடக்கி வைக்கத் தெரியாதா, வீட்டில் வேலை இல்லையா, வேலையில்லாதவள் கண்ட கண்ட தண்ணீரில் விழுந்து சாவாள், நாங்கள் பதில் சொல்ல வேண்டுமா. கணவன் நுரையைத் துப்பினான். அவர் சொன்னதில் பாதி அவனே சொல்ல நினைத்ததுதான்.

படியில் தடதடவென்று சத்தம். ஓரகத்தி இறங்கி வந்து வண்டிக்கும் வாசலுக்கும் நடுவே நின்றாள்.

"இழுத்துப் போட்டதுக்கு ரொம்ப நன்றிங்க. அதோட உங்க வேலை முடிஞ்சுது. நீங்க மீனைப் பத்திப் பேசுங்க. எங்க வீட்டு ஆள நாங்க திட்டிக்கறோம்."

"நான் நல்லதுக்குத்தாம்மா—"

"நல்லதை வீதியில நின்னு யாரும் சொல்றதில்ல. வண்டிய எடுங்க. நாறுது."

குத்தகைக்காரர் இவளிடமும் பேச முடியாது என்று தெரிந்துகொண்டு வண்டியைக் கிளப்பினார். தலைகள் உள்ளே போயின. களிமண் காலோடு நின்றவள் ஒரு கணம் நன்றி சொல்ல வாயெடுத்தாள். ஒரு கணம்தான். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் ஓரகத்தி இந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஏதாவது ஒண்ணு வாசலுக்கு வந்தா அன்னையோட முடிஞ்சுதுன்னு பேச்சு. வந்தாச்சு. வர்ற செவ்வாய்லேர்ந்து பிள்ளைங்க உங்ககிட்ட."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன், பேச்சு அதுதானே என்றான். அப்போதுதான் அவனுக்குப் பேச வந்தது. செத்திருப்பாயே என்று ஒரு வார்த்தை முதலில் கேட்டிருந்தால் அவள் ஒருவேளை தலையாட்டியிருப்பாள். அவன் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லையா, தோன்றியும் தம்பி மனைவி எதிரில் கூச்சமா, அது அவனுக்குத்தான் தெரியும்.

"சரின்னு சொன்னேன், வாஸ்தவம். இப்ப முடியாதுன்னு சொல்றேன்."

"வார்த்தை மாறுறியா?"

"மாறுறேன். நான் போவேன்."

அவள் பின்பக்கம் போய்க் குழாயடியில் காலைத் தேய்த்துக் கழுவினாள். களிமண் காய்ந்து இறுகியிருந்தது. உள்ளே இரண்டு பேரும் அவளைப் பற்றிப் பேசிக்கொள்வது கேட்டது. அவள் நன்றாகத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

அந்த வாரம் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. கணவன் வேலையிலிருந்து வரும்போதே வெளியில் சாப்பிட்டுவிட்டு வந்தான். மாடியிலிருந்து பிள்ளைகள் பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு இறங்கினால் பாதியிலேயே கூப்பிட்டுக்கொள்ளப்பட்டார்கள். மகள் தொலைபேசியில் அழுதாள். அப்பா சொல்லியிருக்க வேண்டும். உயிர் போயிருந்தால் என்ன செய்வோம் என்று அழுதவளிடம், போகவில்லையே, அப்புறம் எதற்கு அழுகை, உன் வீட்டில் வேலை இல்லையா என்று கேட்டுவிட்டாள். கேட்டபிறகு, இது அந்த ஆள் கேட்ட கேள்வியல்லவா என்று அவளுக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் திரும்பக் கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது. அவள் புதுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தண்ணீர் புட்டியை நிரப்பிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அங்கே இரண்டு பிள்ளைகளும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் மாற்றுத் துணி, பால் புட்டி, ஒரு பொம்மை லாரி. ஓரகத்தி விடியும்போதே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் வேலைக்குப் போயிருந்தாள். கேட்டால்தானே முடியாது என்று சொல்ல முடியும். கெட்டிக்காரத்தனத்தில் குறை சொல்ல முடியாது.

பெரியது, பெரியம்மா நீங்க எங்க போறீங்க என்று கேட்டது. சின்னது பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் பையைப் பிடித்து இழுத்தது. அவள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்த வாரம் உட்கார்ந்தால் எல்லா வாரமும் இதே பாய்தான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைகள் மேல் அவளுக்கு ஒன்றும் கோபம் இல்லை. சின்னதின் மூக்கைத் துடைத்துவிட்டாள். பாலைக் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சின்னதை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பெரியதின் கையைப் பிடித்துக்கொண்டு, கணவன் படுத்திருக்கும் அறைக்குப் போனாள். அவன் வந்து படுத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. குறட்டை இன்னும் நிலைக்கவில்லை. சின்னதை அவன் வயிற்றின் மேல் உட்கார வைத்தாள். பொம்மை லாரியை அவன் தலைமாட்டில் வைத்தாள். அவன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான்.

"உங்க தம்பி பிள்ளைங்க. தீர்ப்புச் சொன்னவரு நீங்க, பாத்துக்குங்க. சமையலறைல எல்லாம் இருக்கு."

"ஏய், நான் தூங்க வேணாமா?"

"தூங்குங்க. அதுங்க தூங்கவிட்டா தூங்குங்க."

அவன் எழுந்திருப்பதற்குள் அவள் சைக்கிளில் இருந்தாள். தெருமுனைவரை அவன் குரல் வந்தது. அதற்கப்புறம் சின்னது அழும் சத்தமும் கேட்டது போலிருந்தது. அவள் கால் ஒருமுறை தரையில் ஊன்றியது. நின்று கேட்டாள். அழுகைதான். அவன் ஏதோ சமாதானம் சொல்லும் சத்தமும் கூடவே கேட்டது. ஏறி மிதித்தாள்.

அன்று அவள் தொலைவுக்குப் போகவில்லை. செங்கல் சூளைக் குளத்தோடு நின்றுகொண்டாள். கண்ணாடி வழியாக அடியைப் பார்த்தபோது முன்பு போல மனம் லேசாகவில்லை. தெரிகிற இடம் தெரிகிற ஆழத்தில் இல்லை என்பதை உடம்பு கற்றுக்கொண்டிருந்தது. ஒரு நீளக் குச்சியை எடுத்துக் கரையோரம் விட்டுப் பார்த்தாள். கண் சொன்னதற்கு மேலே குச்சி நனைந்தது. அடுத்த இடத்தில் விட்டாள். பிறகு கரையைச் சுற்றி, ஒவ்வொரு இடத்திலும் கண்ணால் ஓர் ஆழம் சொல்லி, குச்சியை விட்டு, தோற்றுக்கொண்டே போனாள். வாத்துகள் எரிச்சலோடு நகர்ந்துகொண்டன.

சாயங்காலம் வீடு திரும்பியபோது கணவன் முகம் வீங்கியிருந்தது. பிள்ளைகள் அவன் மேலேறிக் குதித்திருந்தார்கள். பெரியது அவன் காதுக்குள் லாரி ஓட்டியிருந்தது. ஒரு நொடி கண்ணயர்ந்த நேரத்தில் சின்னது மாவு டப்பாவைக் கவிழ்த்திருந்தது. அவன் அவளோடு பேசவில்லை. அப்படியே வேலைக்குப் போனான். அன்று ராத்திரி இயந்திரத்தில் காகிதச் சுருளைத் தவறாக ஏற்றி, மேஸ்திரியிடம் எல்லோர் எதிரிலும் வாங்கிக் கட்டிக்கொண்டான் என்று பின்னால் தெரிந்தது.

மறுநாள் விடியற்காலையில் வேலை முடிந்து வந்தவன் வீட்டுக்குள் நுழையவில்லை. நேராக மாடிப்படி ஏறினான். கீழே அடுப்படியில் இருந்தவளுக்கு எல்லாம் கேட்டது. தம்பி மனைவியிடம் அவன் குரல் உயர்த்திப் பேசி அவள் கேட்டதே இல்லை. இனி ஒரு செவ்வாய்க்கிழமை பிள்ளைகளைக் கீழே கொண்டுவந்தால் லாரிக்காரனுக்குப் போன் போட்டு, வந்து அவன் பிள்ளையை அவனே பார்க்கட்டும் என்று சொல்லிவிடுவேன் என்றான். வேறு ஆள் பார்த்துக்கொள் என்றான். மனைவி செத்துப் பிழைத்து வந்தபோது சொல்லாததைத் தூக்கம் போனதற்காகச் சொன்னான். ஓரகத்தி, அப்போ அக்காவைக் கேட்க உங்களுக்குத் தைரியம் இல்லை என்று சொல்லுங்கள் என்றாள். ஆமாம், இல்லை என்றான் அவன். கீழே இவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு வந்தது, அதைக் காட்ட அங்கே யாரும் இல்லை.

ஓரகத்தி ஆள் பார்த்தாள். கூட வேலை செய்கிற ஒருத்தியின் தங்கை செவ்வாய்க்கிழமைகளில் வர ஒத்துக்கொண்டாள். வேலை தப்பியது. ஆனால் மேலே நாற்காலி இழுக்கப்படும் விதம் மாறிவிட்டது. கொடியில் இவள் துணி காய்ந்தால் அடுத்த நிமிடம் அதன்மேல் மெத்தை விரிப்பு விழும். எதிரே வந்தால் ஒருத்தி படியில், ஒருத்தி வாசலில் நின்றுகொண்டு மற்றவள் போகக் காத்திருப்பார்கள். அக்கா என்ற வார்த்தை போயே போய்விட்டது. பிள்ளைகள் மூலமாகச் சொல்லியனுப்பும்போது உங்க பெரியம்மா என்பாள், அவ்வளவுதான். இவளும் சமாதானத்துக்குப் போகவில்லை. வேலைக்காக ஒரு நாளைக் கேட்டவள் மேல் தப்பில்லை என்று இவளுக்குத் தெரியும். கொடுக்க மனமில்லை என்பதும் தெரியும். இரண்டும் ஒரே வீட்டில் இருந்துதான் ஆக வேண்டும்.

குவாரி ஏரிக்குள் அவளை விடவில்லை. குத்தகைக்காரர் கரை நெடுக முள்கம்பி போட்டுவிட்டார். அவள் அடுத்த பக்கத்துக் குன்றின் சரிவிலிருந்து பார்த்துக்கொண்டாள். அங்கிருந்து அடி தெரியாது. அவர் கையை ஆட்டி விரட்டுவது நன்றாகத் தெரியும்.

கணவன் பேச ஆரம்பிக்கவே மழைக்காலம் முடிந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தான். அவள் சைக்கிள் சாவியை எடுக்க அறைக்குள் போய்விட்டு வெளியே வந்தாள். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கதவ நல்லாச் சாத்திட்டுப் போ. வெளிச்சம் வருது."

அவள் கதவைச் சாத்தினாள். சரியாகப் பதியவில்லை. திரும்ப இழுத்துச் சாத்திவிட்டுக் கிளம்பினாள்.